சோமனூருக்குத் தெரியாத வெள்ளைக்காரன்

கோவைப் பக்கத்து விசைத்தறி ஊரான சோமனூரில் வெள்ளைக்காரனைப் பற்றிய பேச்சு தறி நின்றால்தான் கிளம்பும். தறி ஓடும்போது யாரும் பேச முடியாது. பேசினாலும் காதில் விழாது. தறிக் குடோனுக்குள் பாதி ஆயுளைக் கழித்தவர்கள் கல்யாண வீட்டில்கூட உரக்கத்தான் பேசுவார்கள். எதிரே இருப்பவரின் வாயசைவைப் பார்த்தே பாதிச் செய்தியைப் பிடித்துக்கொள்வார்கள். கரண்ட் போனதும் தலையிலிருக்கும் பஞ்சுத் தூசியைத் துண்டால் தட்டிவிட்டபடி வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்காருவார்கள். அப்புறம் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

"வெள்ளைக்காரன் இருந்திருந்தா இப்படி நெனச்ச நேரத்துக்குக் கரண்ட்டப் புடுங்குவானாங்க?"

"அவன் இருந்தப்ப நம்மூர்ல கரண்ட்டே இல்லீங்ண்ணா."

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருவரையும் திருத்துவார். "பைக்காராவுல 1932ல கரண்ட் எடுத்ததே அவன் காலத்துலதானுங். அத நம்பித்தானே கோயமுத்தூர்ல இத்தன மில்லு மொளச்சுது." மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பேச்சு உண்மையைத் தேடி அங்கே நிற்காது. அடுத்து பாலத்துக்குப் போகும், பிறகு ரயிலுக்கு, பிறகு கோர்ட்டுக்கு. வெள்ளைக்காரன் கட்டிய பாலம் இடியாது. அவன் ரயில் நேரம் தவறாது. அவன் நீதிபதி கைநீட்டி வாங்கமாட்டான். தேனிப் பக்கம் பொறியாளர் பென்னிகுயிக் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள் என்பதும், சொந்தச் சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார் என்ற கதையும் இந்த இடத்தில் தவறாமல் வரும். சொத்தை விற்றதற்கு ஆவணம் கேட்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். டீக்கடையில் ஆவணத்துக்கு மதிப்பில்லை.

இதையெல்லாம் அடிமைப் புத்தி என்று பொரிந்து தள்ளும் இளைஞர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வரவேண்டும் என்று அந்த பெஞ்சில் ஒருவரும் நினைக்கவில்லை. மின்வாரியத்தையும் நெடுஞ்சாலைத் துறையையும் திட்டுவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. செத்துப்போன துரை அதற்கு வசதியாகக் கிடைக்கிறார். அவர் எதிர்த்துப் பேசமாட்டார், தேர்தலில் நிற்கமாட்டார், வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பமாட்டார்.

உயிரோடிருக்கும் வெள்ளைக்காரனைப் பற்றி யாராவது நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னால் ஊர் நம்புவதில்லை. இங்கிலாந்தின் லெஸ்டரில் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் லீவுக்கு வந்திருந்தான். "அங்க ரயிலு லேட்டுங் பெரியப்பா. சில நாள் வராமயே போயிருமுங். தனியார்கிட்ட குடுத்தது சரிப்படலீன்னு இப்பத்தான் ஒண்ணொண்ணா கவர்மெண்ட்டே திரும்ப எடுத்துக்குது" என்றான். 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அப்படித்தான் அரசின் கைக்குத் திரும்பியது. பெரியப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ லேட்டா எந்திரிச்சிருப்ப கண்ணு" என்றார். 1862இலேயே சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை போய்ச் சேர்ந்துவிட்ட இருப்புப்பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அதைப் போட்டவன் நாட்டில் ரயில் வராமல் போகும் என்று எப்படி நம்புவது?

அந்தப் பையன் சொன்ன இன்னொன்று என் மனதில் தங்கிவிட்டது. பகுதிநேரமாக ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்திருக்கிறான். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரப் பையனின் பனியன் காலரில் இந்தியத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. "இது எங்க பக்கத்து ஊர்ல தெச்சதா இருக்கலாம்" என்று இவன் சொல்ல, அவன் சிரித்திருக்கிறான். இந்தியா என்றால் டாக்டர், போனில் பேசும் கால் சென்டர், கோழிக்கறி மசாலா. பனியன் அவன் பட்டியலில் இல்லை. 2001இல் ராபின் குக் என்ற அமைச்சர் சிக்கன் டிக்கா மசாலாவைப் பிரிட்டனின் தேசிய உணவு என்றே பேசினார். நாக்கில் பட்டது அவர்களுக்கு நினைவிருக்கிறது, உடம்பில் போட்டது நினைவில்லை. நாமும் சளைத்தவர்கள் இல்லை. அவர்கள் என்றால் துரை, டீ, கிரிக்கெட், ராணி. அத்தோடு நம் பட்டியல் முடிந்துவிடுகிறது.

ராணி விஷயத்தில் எங்கள் வட்டாரத்துப் பெண்களின் விசாரணை வேறு மாதிரி. 2022 செப்டம்பரில் எலிசபெத்தின் இறுதி ஊர்வலத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஒருவர், கிரீடத்தையோ குதிரைகளையோ கவனிக்கவே இல்லை. "அந்தம்மாளுக்கு எத்தன பசங்க? சொத்த எப்படிப் பிரிச்சாங்க?" மூத்தவனுக்கே பட்டம், சிம்மாசனம் எல்லாம் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எளையவனுக்கு ஒண்ணுமில்லீங்களா? அதான் அந்தப் பேரன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு அமெரிக்கா போயிட்டான்." அந்தப் பேரன் ஹாரியைப் பற்றி எழுதப்பட்ட ஆயிரம் பத்திகளில் இவ்வளவு சுருக்கமானதை நான் படித்ததில்லை. கொங்கு நாட்டில் அரண்மனை என்பது அந்நியமான சங்கதி அல்ல. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கயம் மாட்டினத்தை வளர்த்தெடுத்த கதையை இன்றும் மரியாதையோடுதான் சொல்வார்கள். பட்டம், பங்காளி, வரப்புத் தகராறு ஆகிய மூன்றும் தெரிந்தவர்களுக்கு விண்ட்சர் குடும்பம் புரியாமல் போகாது. 2025 அக்டோபரில் மன்னர் தன் தம்பி ஆண்ட்ரூவிடமிருந்து இளவரசர் பட்டத்தைப் பறித்தபோதுகூட "அண்ணந்தம்பிதானே" என்றுதான் ஒருவர் சொன்னார். நாம் நம் மகாராஜாக்களின் மானியத்தையும் பட்டத்தையும் 1971இலேயே அரசியல் சட்டத் திருத்தம் போட்டு முடித்துவிட்டோம் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

எலிசபெத்துக்காக இந்திய அரசு ஒருநாள் துக்கம் அறிவித்துக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது செப்டம்பர் 11 அன்று. தமிழ்நாட்டில் அது பாரதியின் நினைவு நாள். இதைப் பெரிய முரண் என்று எழுதிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் பாரதியே 1906இல் வேல்ஸ் இளவரசருக்குப் பாரதத் தாய் நல்வரவு கூறுவதாக ஒரு பாட்டு எழுதியவர்தான். அரச குடும்பத்தோடு நமக்குள்ள உறவு எப்போதுமே இப்படிக் குழறுபடியானது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில், நகைப்பெட்டிக்கு அடியில் ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு கிடக்கும். துடைத்துப் பார்த்தால் தெரியும்: சில காசுகளில் விக்டோரியாவின் பெயரோடு ராணி என்றும், 1877க்குப் பிந்தியவற்றில் சக்கரவர்த்தினி என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்தப் பட்டத்தை அறிவிக்க 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்திய நேரத்தில், சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிமார் தாது வருஷத்தைச் சொல்லி அழுவார்கள். அந்தக் காசைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள்.

பாரதி வரவேற்ற அந்த இளவரசர்தான் பிறகு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனார். 1931 நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் காந்தியைச் சந்தித்தவரும் அவரே. அரை ஆடையோடு போனீர்களாமே என்று கேட்டவர்களிடம், எங்கள் இருவருக்கும் சேர்த்து மன்னரே உடுத்தியிருந்தாரே என்ற பொருளில் காந்தி சொன்னதாக ஒரு கதை உண்டு. சோமனூரில் அது தெரியாத ஆள் இல்லை. அந்த அரை ஆடைக்கு அவர் மாறியது 1921இல் நம் மதுரையில்தான் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அரண்மனைக்குப் போவதற்கு ஒன்றரை மாதம் முன்னால், அதே பயணத்தில், அவர் இங்கிலாந்தின் நெசவு வட்டாரமான லங்காஷயருக்குப் போனார். அந்தக் கதைதான் எங்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை.

செப்டம்பர் 26. டார்வென் என்ற நெசவு ஊர், கிரீன்ஃபீல்டு மில். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் அந்த வட்டாரத்தின் ஏற்றுமதிக்கு அடி விழுந்திருந்தது. வேலையில்லாமல் திரிந்தவர்கள் ஏராளம். பகிஷ்காரத்துக்குக் காரணமான ஆள் தங்கள் ஊருக்கே வருகிறார் என்றால் எப்படி இருந்திருக்கும்? அன்று எடுத்த புகைப்படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. சால்வையைப் போர்த்திக்கொண்டு காந்தி நடுவில் நிற்கிறார். சுற்றிலும் மில்லில் வேலை செய்யும் பெண்கள். கைகளைத் தூக்கி, வாய் நிறையச் சிரித்து ஆரவாரம் செய்கிறார்கள். ஒரு முகத்தில்கூடப் பகை இல்லை. உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, ஆனால் எங்கள் நாட்டு வறுமையைப் பார்த்தால் உங்களுடையது குறைவு என்று அவர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுத்தான் வந்தார் காந்தி. அவரை வாழ்த்தித்தான் அனுப்பினார்கள்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1932 ஜனவரி 10ஆம் தேதி திருப்பூரில் கொடியோடு ஊர்வலம் போன குமாரன் போலீஸ் அடியில் மண்டை உடைந்து விழுந்து, மறுநாள் இறந்தார். சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. டார்வென் பெண்களின் சிரிப்பும் குமாரன் மண்டையில் விழுந்த தடியும் ஒரே சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தவைதான். நம் பாடப்புத்தகத்தில் தடிக்கு இடம் கிடைத்தது, கிடைக்கத்தான் வேண்டும். அந்தச் சிரிப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால், வெள்ளைக்காரனிலும் நெய்கிறவன், நெய்ய வைக்கிறவன் என்று இரண்டு சாதி உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

கிரிக்கெட்டுக்கு வருகிறேன், அது இல்லாமல் டீக்கடை முடியாது. 2025 ஜூலை 23 முதல் 27 வரை மான்செஸ்டரில் நான்காவது டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் ரன் எடுக்கும் முன்னே இந்தியாவுக்கு இரண்டு விக்கெட் விழுந்தது. கடைசி நாளில் ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் நங்கூரம் பாய்ச்சியதுபோல் நின்றார்கள். "பேரு வாஷிங்டன், ஊரு மெட்ராஸ், நின்னு ஆடறது மான்செஸ்டர்ல" என்று எங்கள் பெஞ்சில் ஒரே கும்மாளம். இருவரும் சதத்தை நெருங்கியிருந்த நேரத்தில் இங்கிலாந்து கேப்டன் பென் ஸ்டோக்ஸ் ஆட்டத்தை டிராவாக முடித்துக்கொள்ளலாம் என்று கை நீட்டினார். இவர்கள் மறுத்தார்கள். ஸ்டோக்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. பகுதிநேரப் பந்துவீச்சாளரைப் போடவைத்து, இரண்டு சதமும் வந்த பிறகே கை குலுக்கினார்கள். கனவான்களின் ஆட்டத்தில் இது நாகரிகமா என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. பெஞ்சில் விவாதமே இல்லை. "கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில நம்ம கணக்கு வர்ற நேரம் பாத்து மொதலாளி எந்திரிச்சு, 'சரி, டீ சாப்புடலாம்'ங்கற மாதிரிதானுங்க இது. கையக் குடுத்தா கெட்டோம்" என்றார் ஒரு தறிக்காரர். அந்த வருஷம் மார்ச் 19 முதல் ஒரு மாதத்துக்கு மேல் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் கூலி உயர்வு கேட்டு நின்றிருந்தன. அனுபவம் பேசியது.

டெஸ்ட்டின் இரண்டாம் நாள், ஜூலை 24, பிரிட்டனோடு இந்தியா தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. நம் ஆயத்த ஆடைகள் மீது அவர்கள் விதித்துவந்த 12 சதவீதம் வரையிலான வரி போகும். அவர்கள் ஸ்காட்ச் மீது நாம் விதித்துவந்த 150 சதவீதம் படிப்படியாக இறங்கும். திருப்பூர் மகிழ்ந்தது. திருப்பூரின் பின்னலாடைக்குக் கிடைக்கும் லாபத்தில் சோமனூரின் காடாத் துணிக்கு எவ்வளவு வந்துசேரும், அதிலும் பாவையும் ஊடையையும் ஜவுளி உற்பத்தியாளரிடம் வாங்கிக் கூலிக்கு ஓட்டுகிறவருக்கு எவ்வளவு என்பது வேறு கணக்கு. பெஞ்சில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்காட்ச் விலை பற்றி மட்டும் ஒருவர் விசாரித்தார்.

மான்செஸ்டர் ஆட்டம் நடந்த அந்த டெஸ்ட் தொடருக்கு ஆண்டர்சன்–டெண்டுல்கர் கோப்பை என்று பெயர். 704 டெஸ்ட் விக்கெட் எடுத்து, 2025இல் 'சர்' பட்டமும் வாங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சனைத் திட்டாத இந்திய ரசிகன் இல்லை. அவர் ஊர் பர்ன்லி. அந்த ஊரின் பெயரைச் சொன்னால் நம்மில் பலர் கால்பந்து அணியைத்தான் சொல்வார்கள். கோயமுத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லி நாம் மான்செஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். மான்செஸ்டர் நூலும் துணியும் கைமாறிய சந்தை. தறி ஓடியது சுற்றியிருந்த சிற்றூர்களில். சோமனூருக்கு ஜோடி ஊர் தேட வேண்டுமென்றால் அது பர்ன்லிதான். ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய நெசவு ஊர்களில் ஒன்று.

ஒற்றுமைகளைக் கேளுங்கள். அங்கே ஷெட்டும் நீராவி எஞ்சினும் ஒருவருடையதாக இருக்கும். கையில் கொஞ்சம் காசுள்ள சிறு முதலாளிகள் அதில் இடத்தையும் சக்தியையும் வாடகைக்குப் பிடித்துத் தறி போடுவார்கள். நூல் விலை ஏறினால் முதலில் விழுகிறவர்கள் அவர்கள். ஒரு நெசவாளிக்கு நான்கு தறி என்பது அங்கே வழக்கம். 1931இல் முதலாளிகள் அதை எட்டாக்கப் பார்த்தார்கள். பர்ன்லியில் பெரும் தகராறு ஆகி, மில்களைப் பூட்டிப்போடும் அளவுக்குப் போனது. காந்தி லங்காஷயருக்குப் போனது அந்த வருஷத்தில்தான். இன்று சோமனூரில் ஆறும் எட்டும் ஓட்டுகிற ஆளிடம் இதைச் சொன்னால் நான்குக்கா சண்டை போட்டார்கள் என்று ஆச்சரியப்படுவார். அங்கேயும் தறிச் சத்தத்தில் பேச முடியாமல் பெண்கள் உதட்டை நீட்டி நெளித்துச் சத்தமில்லாமலே ஊர்வம்பு பேசக் கற்றிருந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடாதாம்.

பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் நாம் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம். 1958இல், உலகத்துக்கே துணி விற்ற நாடு, விற்பதைவிட அதிகமாகப் பருத்தித் துணி வாங்கும் நாடானது. மறு வருஷம் ஒரு சட்டம் கொண்டுவந்து, பழைய தறிகளையும் கதிர்களையும் உடைத்துப்போட முதலாளிகளுக்கு அரசே நஷ்டஈடு கொடுத்தது. எங்கள் பக்கத்தில் தறியை எடைக்குப் போட்டவர்களுக்கு அப்படி எந்தப் பணமும் வரவில்லை. அங்கேயும் நஷ்டஈடு முதலாளிக்குப் போனது, தறி ஓட்டியவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. மிச்சமிருந்த மில்களில் இரவு ஷிப்ட் ஓட்ட உள்ளூரில் ஆள் இல்லை. பாகிஸ்தானிலிருந்தும் இன்றைய வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மில் மூடியது, வந்தவர்கள் தங்கிவிட்டார்கள், வேலை இல்லாத ஊரில் இரு தரப்பும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 2001 ஜூனில் பர்ன்லி தெருக்களில் கலவரம் வெடித்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களை வைத்துத் தறியும் பனியன் கம்பெனியும் ஓட்டிக்கொண்டே, அவர்களை வடக்கத்தியான் என்று முகம் சுளித்துப் பேசும் நம் ஊர்களுக்கு இதைவிட நெருக்கமான செய்தி பிரிட்டனிலிருந்து வரப்போவதில்லை. அரண்மனையில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்ற செய்தி மட்டும் அன்றன்றைக்கே வந்துவிடுகிறது.

பர்ன்லியில் குவீன் ஸ்ட்ரீட் மில் என்று ஒன்று இருக்கிறது. நீராவியில் ஓடிய கடைசி நெசவு மில். ஆண்டர்சன் பிறந்த 1982இல்தான் அது நின்றது. இப்போது அருங்காட்சியகம். 300 லங்காஷயர் தறிகள் வரிசையாக நிற்கின்றன. ஆறாம் ஜார்ஜின் திக்குவாயைப் பற்றிய 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்துக்கு அங்கேயும் காட்சி எடுத்தார்கள். படத்தைப் பார்த்த நம்மவர்களுக்கு மன்னர் நினைவிருப்பார், தறி கண்ணில் பட்டிருக்காது.

எங்கள் பக்கத்திலிருந்து இப்போது வருஷா வருஷம் பிள்ளைகள் மேல்படிப்புக்கு அங்கே போகிறார்கள். போய்ச் சேர்ந்த வாரமே பக்கிங்ஹாம் அரண்மனை வாசலிலும் ஓல்டு டிராஃபோர்டு மைதான வாசலிலும் நின்று எடுத்த போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மான்செஸ்டரிலிருந்து பர்ன்லிக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அந்த ரயிலும் லேட்டாக வரலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே வயதான நெசவுக்காரர் யாராவது இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். கூலி உயர்வு எப்படி வாங்கினார்கள், மில் மூடியபோது வீட்டுக் கடனை எப்படி அடைத்தார்கள், பிள்ளைகள் என்ன வேலைக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். ராணியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தவரை போதும்.